பிளிமத் குடியேற்றமும் கிறித்தவ நோக்குக்கள் சிலவும்

வட அமெரிக்காவின் கீழைக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த பழைய குடியேற்றங்களுள் பிளிமத் மிகப் பழையதன்று, மிகப் பெரியதுமன்று. வர்ஜீனியாவில் ஜேம்ஸ்ரவுண் 1607 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பிளிமத்துக்குப் பத்தாண்டு பிந்தி எழுந்த மசாசூசெற்ஸ் விரிகுடாக் குடியேற்றம், மக்கட்டொகையாலும் பொருள்வளத்தாலும் அதனை விரைவில் விஞ்சிற்று. 1691 இல் அதனைத் தன்னுள் அடக்கியும் கொண்டது. அவ்வாறிருந்தும் அமெரிக்க மக்கள் தம் நாட்டின் பிறப்பைப் பேசுங்கால் பிளிமத்தையே முதற்கண் நினைக்கின்றனர். படையோ பொருளோ இதற்குக் காரணமன்று. ஒரு நூலும், அந் நூலைப் பார்த்தெழுதிய பிற நூல்களுமே காரணம்.

அந் நூலை எழுதியவர் வில்லியம் பிராட்போட். இவர் யோக்சயரைச் சார்ந்த ஒஸ்ரர்பீல்ட் என்னும் சிற்றூரில் 1590 இல் உழவர் குடியிற் பிறந்தவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். இங்கிலாந்துத் திருச்சபை திருத்த முடியாத நிலையை அடைந்துவிட்டதெனக் கருதி, அதனின்றும் முற்றாகப் பிரிந்து நின்ற ஒரு சிறு கூட்டத்தோடு இளமையிலேயே சேர்ந்தார். 1608 இல் அவர்களுடன் ஒல்லாந்துக்கு ஓடி, லைடன் நகரிற் பதினோராண்டளவு நெசவுத் தொழில் செய்து பிழைத்தார். 1620 இல் மேபிளவர் என்னும் கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்தார். அடுத்த ஆண்டு முதல் ஆளுநர் இறந்தபின் அப் பதவிக்குத் தெரிவாகி, இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாகத் தாம் இறந்த 1657 வரையும் அப் பதவியை வகித்தார். நூலை எழுதத் தொடங்கியது 1630 அளவில். கையெழுத்துப் படியாகவே அது கிடந்தது. பொஸ்ரன் நகரத் தேவாலயமொன்றின் நூற்றொகுதியிலிருந்து அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்திற் காணாமற்போய், 1855 இல் இலண்டன் மேற்றிராணியாரின் புல்ஹாம் மாளிகையிற் கண்டறியப்பட்டது. 1856 இலேயே முழுமையாக அச்சேறிற்று. மூலப்படி 1897 இல் மசாசூசெற்ஸுக்கு மீண்டது. எந்தத் திருச்சபையை வெறுத்து அவர் நாடு துறந்தாரோ, அத் திருச்சபையின் மேற்றிராணியார் வீட்டிலேயே அவர் நூல் அடைக்கலம் பெற்றிருந்தது.

நடை வகையில் இது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையின் உயர்ந்த எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. எளிய சொல், நீண்ட வாக்கியம், வேதாகமத்தின் ஓசை ஆகிய மூன்றும் அதில் இயல்பாகக் கலந்துள்ளன. ஆயினும் நடையழகை மட்டும் பாராட்டி அமைவது திறனாய்வாகாது. ஒரு கூட்டத்தார் பிறர் வாழ்ந்த நிலத்திற் குடியேறுகின்றனர். அச் செயலுக்குத் தம் சமயநூலிற் பொருள் தேடுகின்றனர். அவ்வாறு தேடும்போது அந் நூலின் எந்தக் கதையைத் தேர்கின்றனர்? அக் கதையில் தமக்கு எந்தப் பாத்திரத்தை அளிக்கின்றனர்? எதிரே நிற்பவனுக்கு எதனை அளிக்கின்றனர்? இவ் வினாக்களை வைத்தே பிராட்போட்டையும் அவரோடு மாறுபட்ட கிறித்தவர்களையும் படித்தல் வேண்டும்.

லைடனை விட்டு நீங்குதற்குப் பிராட்போட் கூறும் காரணங்கள் பெரும்பாலும் உலகியல் சார்ந்தவை. உழைப்பின் கொடுமை, முதுமை முந்தி வருதல், பிள்ளைகள் ஒல்லாந்து நகர வாழ்விற் கெடுதல், இசுப்பானியரோடு செய்த பன்னீராண்டுப் போர்நிறுத்தம் முடிவுறப்போதல் என்பன முன்வருகின்றன. தொலைநாடுகளிற் சுவிசேஷம் பரவ வழிகோலும் அவா இறுதியில் வருகிறது. இவ் வரிசை ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று. ஆனால் செல்லவிருக்கும் நாட்டை வருணிக்கும் இடத்தில் ஒரு முரண் நேர்கின்றது. அந் நாடு மக்களற்றது என்கிறார். அதே மூச்சில், நாகரிகமற்ற மனிதர் அங்கே விலங்குகளைப்போலத் திரிகின்றனர் என்கிறார். மக்களற்ற நாட்டில் மனிதர் எவ்வாறு திரிவர்? இம் முரணை அவர் உணர்ந்ததற்கு அறிகுறியில்லை. குடியேற்ற இலக்கியம் முழுவதற்கும் இம் முரணே அடித்தளம் எனலாம்.

நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் ஒரு பகுதியை ஆங்கில இலக்கியத் தொகுப்புக்கள் பலவும் எடுத்துக் கோத்துள்ளன. பயணிகள் கொட் முனையிற் கரைசேர்ந்த வேளை அது. வரவேற்க நண்பரில்லை, தங்க விடுதியில்லை, பின்னே பெருங்கடல், முன்னே கடும் பனிக்காலம், சுற்றிலும் காடு. மோசே ஏறி நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்த பிஸ்கா மலைகூடத் தமக்கில்லையென ஆசிரியர் ஏங்குகிறார். அப்போது அவர் நினைவுக்கு வருவது அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ள ஒரு நிகழ்ச்சி. கப்பல் உடைந்து மெலித்தாத் தீவிற் கரைசேர்ந்த பவுலுக்கு அத் தீவின் அந்நிய மக்கள் தீமூட்டி அன்பு காட்டினர். தமக்கோ அந்த ஆறுதலும் இல்லை. இங்குள்ளோர் தம் விலாவில் அம்பு நிறைக்கவே முந்துவர் என்று பிராட்போட் எழுதுகிறார்.

உருக்கமான பகுதி, அதனாலேயே கூர்ந்து நோக்கற்பாலது. 1620 டிசெம்பரில் கொட் முனையைச் சார்ந்த நோசெற் மக்கள் ஆங்கிலேயர்மீது அம்பு எய்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. 1614 இல் தோமஸ் ஹண்ட் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவன் அக் கரையிலிருந்து இருபதுக்கு மேற்பட்டோரை வஞ்சித்துப் பிடித்து, இசுப்பானியாவில் அடிமைகளாக விற்கக் கொண்டுசென்றிருந்தான். ஹண்டின் செயலைப் பிராட்போட் அறிவார். வேறோரிடத்திற் குறிப்பிடவும் செய்கிறார். மற்றொன்று, 1621 மார்ச்சு 16 ஆம் நாள் சமோசெற் என்னும் சுதேசி தனியே ஊருக்குள் நடந்துவந்து, மீன்பிடிகாரரிடம் கற்ற ஆங்கிலத்திலேயே அவர்களை வரவேற்றான். அடுத்த சில நாள்களில் ரிஸ்குவாண்டம் வந்தான். வம்பனோவாக் மக்களின் தலைவனாகிய மசசோயிற் வந்து செய்த உடன்படிக்கை, அவன் இறக்கும் வரையும், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. மெலித்தாத் தீவின் கதை பிளிமத்திலும் நடந்தேறியது. சற்றுப் பிந்தி நடந்தது, அவ்வளவே. பத்தாண்டு கழித்து எழுதும்போது இவை அனைத்தையும் ஆசிரியர் நன்கறிவார். அறிந்தும், பவுலின் கதையில் அன்புக்குரிய பாத்திரத்தைச் சுதேசிகளுக்கு வழங்க அவர் உள்ளம் இடந்தரவில்லை. ரிஸ்குவாண்டத்தைப் பற்றிக் கூறும்போதும், தம் நலத்துக்காக இறைவன் அனுப்பிய கருவி என்றே போற்றுகிறார். பாராட்டுத்தான். ஆனால் கருவிக்குச் சொந்த ஊரும் துயரும் உண்டு என்பது அப் பாராட்டில் மறைந்துபோகின்றது. ரிஸ்குவாண்டத்தின் ஊர் பற்றுக்செற். ஹண்டினாற் கடத்தப்பட்டு, இசுப்பானியா, இங்கிலாந்து வழியாக அவன் 1619 இல் மீண்டபோது, கொள்ளைநோயால் அவ்வூரில் ஒருவரும் எஞ்சவில்லை. அந்த ஊரின் மேலேதான் பிளிமத் கட்டப்பட்டது.

சோளத்தின் கதையும் இத்தகையதே. 1620 நவம்பரில் கரையை ஆராயச் சென்ற குழுவினர், மண்ணிற் புதைத்து வைக்கப்பட்ட சோளத்தைத் தோண்டி எடுத்துவந்தனர். சில புதைகுழிகளையும் திறந்து பார்த்தனர். அடுத்த ஆண்டு விதைப்புக்கு அச் சோளமே உதவிற்று. எஸ்கோலிலிருந்து திராட்சைக்குலை சுமந்துவந்த வேவுகாரரை இங்கே ஆசிரியர் நினைவுகூர்கிறார். இறைவனின் தனிப்பெருங் கருணை என்கிறார். பின்னர் உரியவர்க்கு விலை கொடுக்கப்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை, கொடுத்தது கடமையுணர்வே. ஆயினும் எஸ்கோல் உவமை ஒரு வாயிலைத் திறந்துவிடுகின்றது. வேவுகாரர் சென்ற நாடு கானான். கானானில் வாழ்ந்தவர்க்கு யோசுவாவின் நூல் விதித்த கதி யாவரும் அறிந்ததே.

துன்பங்களுக்குப் பொருள் கூறும் முறையிலும் ஆசிரியரிடம் ஒருபாற் கோடல் தெரிகின்றது. கப்பலிற் பயணிகளை ஏசித் திரிந்த மாலுமி ஒருவன் நோயுற்று இறக்கின்றான். அது இறைவனின் நீதியான அடி என்கிறார். வந்த நூற்றிருவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் முதற் பனிக்காலத்தில் இறக்கின்றனர். அங்கே அடியைப் பற்றிய பேச்சில்லை. அவருடைய மனைவி டொறதி, கப்பல் துறையில் நின்றபோதே இறந்தார். நூலின் கதைப்போக்கில் அதற்கு ஒரு வாக்கியமும் இல்லை. இறுதியிற் சேர்த்த பெயர்ப்பட்டியலில் மட்டும், வந்தபின் விரைவில் இறந்தார் என ஒரு குறிப்பு உண்டு. அடக்கமா, ஆற்றாமையா என்பது படிப்பவர் முடிவுக்குரியது.

கொள்ளைநோய் பற்றி எழுதும்போது அவர் தம் காலத்தவர் பலரினும் உயர்ந்து நிற்கிறார் என்பதையும் கூறுதல் நீதி. 1620 நவம்பரில் ஜேம்ஸ் மன்னன் புதிய இங்கிலாந்துச் சபைக்கு வழங்கிய பட்டயம், சுதேசிகளை அழித்த நோயை இறைவனின் நற்கொடை எனக் கொண்டாடுகின்றது. பிராட்போட்டோ, புதைப்பாரற்றுக் கிடந்த எலும்புகளைத் துயரக் காட்சி என்கிறார். 1634 இல் கனற்றிக்கற் ஆற்றங்கரையில் அம்மைநோய் பரவி, ஆயிரவர் இருந்த ஒரு கோட்டையில் ஒன்பது நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்ததை எழுதும்போது, பாயில் ஒட்டிய தோல் உரிந்து வந்ததையும், விறகுக்கும் நீருக்கும் வழியின்றி அவர்கள் தவித்ததையும் கண்ணீர் வருமாறு காட்டுகிறார். அங்கிருந்த வணிகநிலையத்து ஆங்கிலேயர் அவர்களுக்கு நீரும் விறகும் சுமந்து கொடுத்து, இறந்தாரைப் புதைத்ததையும் எழுதுகிறார். அவ்விடத்தில் அவர் எவரையும் கானானியராகக் காணவில்லை. உவமை விலகுந்தோறும் பிராட்போட் அருளாளராகின்றார். உவமை வந்து சேருந்தோறும் அவர் கண் மங்குகின்றது.

நில உரிமை என்னும் நேரான வினாவை எழுப்பியவர் றொபேட் குஷ்மன். குடியேற்றத்துக்குப் பொருளுதவிய இலண்டன் வணிகரோடு பேச்சு நடத்தியவர் இவர். 1622 இல் வெளிவந்த ஒரு தொகுப்பில், அமெரிக்காவுக்குச் செல்வது முறையா என்பது பற்றி இவர் எழுதிய கட்டுரை இடம்பெற்றுள்ளது. பிற்கால அரசியற் பேச்சாளர் பலர் எண்ணியதற்கு மாறாக, குஷ்மன் தொடக்கத்திலேயே கானான் உரிமையை மறுத்துவிடுகிறார். இஸ்ரவேலர்க்குக் கானான் வழங்கப்பட்டதுபோல இன்று எந்த இனத்துக்கும் எந்த நிலமும் புனித உரிமையாக வழங்கப்படவில்லை என்பது அவர் துணிபு. இது தெளிந்த இறையியல். ஆனால் அடுத்த அடியிலேயே அவர் வேறு வழியாற் பழைய முடிவை வந்தடைகிறார். சுதேசிகள் சிலரே, நரிகளைப்போலப் புல்லின்மேல் ஓடித்திரிபவர், உழவு அறியார், ஆதலின் நிலம் வெறுமை, நெருக்கமான இடத்திலிருந்து விசாலமான இடத்துக்குப் பெயர்ந்த முற்பிதாக்களைப்போல நாமும் பெயரலாம் என்பது வாதம். யோசுவாவை வாயிலில் நிறுத்தி ஆபிரகாமை உள்ளே அழைத்தவாறாயிற்று. வாதத்தின் உண்மைப்பகுதியோ நிற்கவில்லை. பிளிமத்தை அவர்கள் தெரிந்ததே அங்கே காடு வெட்டிய வயல்கள் ஆயத்தமாக இருந்தமையால். மண்ணுக்குள் மீனை உரமாக இட்டுச் சோளம் நடும் முறையை அவர்களுக்குக் கற்பித்தவனே ஒரு சுதேசி. உழவனுக்கு உழவு கற்பித்தவனை உழவறியாதவன் என்று கூறுவது வாதமாகாது.

இக் குடியேற்றத்தின்மேல் எழுந்த முதற் கிறித்தவக் கண்டனம் பகைவரிடமிருந்து வரவில்லை. அவர்களின் சொந்தப் போதகரிடமிருந்தே வந்தது. ஜோன் றொபின்சன் லைடனில் அச் சபையின் மேய்ப்பர். பின்னே வருவதாகக் கூறி நின்றவர். வர இயலாமலே 1625 இல் லைடனில் இறந்தார். 1623 மார்ச்சில், வெசகசெற் என்னும் இடத்தில் இருந்த வேறொரு சிறு ஆங்கிலக் குடியேற்றத்தைத் தாக்கச் சதி நடப்பதாகச் செய்தி வரவே, பிளிமத்தின் படைத்தலைவன் மைல்ஸ் ஸ்ராண்டிஷ் சென்று, சுதேசிகள் சிலரை ஒரு வீட்டுக்குள் வைத்துக் கொன்றான். வீற்றுவமற் என்பவனின் தலையைக் கொணர்ந்து பிளிமத் கோட்டையில் நாட்டினர். செய்தி லைடனை எட்டியதும், அவ்வாண்டு டிசெம்பரில் றொபின்சன் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒருவரையேனும் கொல்லுமுன் சிலரையேனும் மனந்திருப்பியிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்று அதில் வருந்துகிறார். நீங்கள் அவர்களுக்கு நீதிபதிகள் அல்லர். அவர்கள் எதற்குத் தகுதியுடையவர் என்பதன்று, உங்களை எது கட்டாயப்படுத்திற்று என்பதே வினா என்கிறார். படைத்தலைவனைப் பற்றி, இறைவன் சாயலாகப் படைக்கப்பட்ட மனித உயிர்மேல் அவனுக்கு வேண்டிய கனிவு குறைவோ என அஞ்சுகிறார்.

கடல்கடந்த மேசையிலிருந்து அறம் பேசுதல் எளிது என்று இதற்கு விடை கூறுவோர் உளர். அச்சம் சூழ்ந்த ஒரு சிறு கூட்டத்தின் நிலையை றொபின்சன் அறியார் என்பதும் ஓரளவு மெய்யே. ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட வேதவாக்கு கவனிக்கத்தக்கது. யோசுவாவும் அன்று, ஆபிரகாமும் அன்று. மனிதன் இறைவன் சாயல் என்னும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். அது எந்த இனத்துக்கும் தனிப் பாத்திரம் வழங்காத கதை. பிராட்போட்டின் பெருமை யாதெனில், தம் ஆட்சியைக் குத்தும் இக் கடிதத்தைத் தம் வரலாற்றினுள்ளே தாமே படியெடுத்துச் சேர்த்தமை. மறைத்திருந்தால் அறிவார் எவருமில்லை. இந்த ஒரு செயலுக்காகவே அவர் நூலை நேர்மையான வரலாறு என்று போற்றலாம்.

ஆனால் அக் கடிதம் அவர் உள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்தது? 1637 மே மாதத்தில், கனற்றிக்கற் ஆங்கிலேயர் மொகீகன், நரகன்செற் துணைவரோடு சென்று, மிஸ்ரிக் ஆற்றங்கரையில் இருந்த பீக்குவொட் கோட்டைக்குத் தீயிட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் உள்ளே இருந்தனர். இறந்தோர் நானூற்றுவர் என்பது பிராட்போட் தரும் கணக்கு. பிறர் இன்னும் மிகுத்துக் கூறுவர். பிளிமத்துப் படை அங்கே செல்லவில்லை. ஆசிரியர் கேட்டெழுதும் நிகழ்ச்சியே இது. தீயில் அவர்கள் வெந்ததும், குருதி தீயை அவித்ததும், எழுந்த நாற்றமும் கொடிய காட்சி என்று ஒரு வாக்கியத்தின் முற்பாதியிற் கூறுகிறார். பிற்பாதியில், வெற்றியோ இனிய பலியாகத் தோன்றிற்று என்று லேவியராகமத்தின் சொல்லால் முடிக்கிறார். அம்மைநோயில் வாடியவரைப் பார்த்து உருகிய அதே எழுதுகோல். கொடுமை என்று கண்ட கண்ணைப் பலி என்ற சொல் மூடிவிட்டது. நூலின் மிகத் தாழ்ந்த இடம் இதுவே.

இங்கே சைவ வாசகர் தம்மைத் தனியே உயர்த்திக்கொள்ள வேண்டுவதில்லை. பெரியபுராணத்திற் சமணர் கழுவேறும் இடத்தைச் சேக்கிழார் பாடுங்கால், சூளுரைத்தவர் சமணரே என்று பொருத்தம் காட்டுகிறார். சம்பந்தர் அதனை விலக்காதிருந்தமைக்கும் காரணம் கூறுகிறார். காரணம் கூறவேண்டுமென்று அருளாளர் ஒருவர்க்குத் தோன்றியதே, அவ்விடம் அவரை உறுத்தியது என்பதற்குச் சான்று. பிராட்போட்டின் வாக்கியத்தில் அந்த உறுத்தல் முற்பாதியோடு நின்றுவிட்டது.

தோமஸ் மோட்டனைப் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த இவ் வழக்கறிஞர், பிளிமத்துக்கு வடக்கே 1627 இல் மேமாதக் கம்பம் நாட்டிச் சுதேசிகளோடு கூத்தாடினார், துப்பாக்கியும் விற்றார், அடுத்த ஆண்டு பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். 1637 இல் ஆம்ஸ்ரடாமில் அச்சான அவர் நூல், கிறித்தவரைவிடச் சுதேசிகளிடமே மனிதத்தன்மை மிகுதி என்கிறது. கூற்று நன்று; கூறியவர்க்குப் பழிதீர்க்கும் நோக்கமும் உண்டு. அவரும் தம் நூலின் பெயரிற் கானான் என்ற சொல்லை விடவில்லை என்பது நகைப்புக்குரியது.

றொஜர் வில்லியம்ஸ் வேறு வகையினர். 1631 ஐ அடுத்து ஈராண்டளவு பிளிமத்தில் வாழ்ந்து போதித்தவர். சுதேசிகளின் புகைசூழ்ந்த குடில்களிற் படுத்து அவர்கள் மொழியைக் கற்றார். பிறர் நிலத்தைப் பட்டயத்தால் வழங்க இங்கிலாந்து மன்னனுக்கு என்ன உரிமை என்று ஓர் ஆய்வுரை எழுதிப் பிளிமத் ஆளுநரிடம் கொடுத்தார். அவ் வுரை இன்று கிடைத்திலது. அதைப் படித்துக் கலங்கியவர்களின் குறிப்புக்களால் அதன் சாரம் தெரிகின்றது. 1635 இல் மசாசூசெற்ஸ் நீதிமன்றம் அவரை வெளியேற்றத் தீர்ப்பளித்தது. 1636 இல் நரகன்செற் தலைவர்களிடம் நிலம் பெற்றுப் புரோவிடென்ஸ் நகரை அமைத்தார். பிராட்போட் அவரைப் பக்தியும் ஆர்வமும் மிக்கவர், ஆனால் நிலையற்ற தீர்ப்பினர் என்று எழுதுகிறார். நிலையற்றவர் என்பது பொருந்துமாறில்லை. 1643 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய மொழிநூல், சுதேசிகள் தத்தம் நில எல்லையை ஆறு, ஓடை என அளந்தறிந்து, சிறு துண்டுகளையும் தம்முள் விற்று வாங்குவர் என்று கூறி, குஷ்மனின் நரி உவமையை அடியோடு தகர்க்கின்றது. மேலும், பழைய இஸ்ரவேல் கிறிஸ்துவின் வருகைக்கு ஒரு முன்னுருவம். வந்தபின் அவ்வுருவம் முடிந்தது. இன்று எந்த அரசும் தன்னை இஸ்ரவேல் எனக் கூறிக்கொள்ள முடியாது என்பது அவர் கொள்கையின் நடுநாடி. குஷ்மன் சொல்லிவிட்டு நழுவிய இடத்தில் இவர் நின்றார். நின்றமையாலேயே துரத்தப்பட்டார்.

பிராட்போட் இறந்து பத்தொன்பது ஆண்டின்பின், மசசோயிற்றின் மகன் மெற்றாகொம், ஆங்கிலேயர் வைத்த பெயரால் பிலிப்பு அரசன், போரிற் கொல்லப்பட்டான். அவன் தலை பிளிமத்தில் பல ஆண்டு நாட்டப்பட்டிருந்தது. சிறைப்பட்ட அவன் சிறு மகனை என் செய்வது என்ற வினாவுக்குக் குருமார் வேதாகமத்திலேயே விடை தேடினர். பிள்ளைகளைத் தந்தையர் பொருட்டுக் கொல்லலாகாது என்ற உபாகம விதியை ஒப்புக்கொண்டே, சவுல், ஆகான், ஆமான் ஆகியோரின் பிள்ளைகளை எடுத்துக்காட்டிக் கொல்லலாம் என்றனர் பிளிமத்தின் ஜோன் கொற்றனும் மார்ஷ்பீல்டின் சாமுவேல் ஆணல்டும். பிரிட்ஜ்வோட்டர் ஊர்ப் போதகர் ஜேம்ஸ் கீத் அதே விதியை வைத்தே இரக்கம் வேண்டினார். சிறுவன் உயிர் தப்பினான்; அடிமையாக விற்கப்பட்டான். ஒரே நூல், ஒரே விதி. மேற்கோள் தேடும் உள்ளத்தைப் பொறுத்தே குழந்தையின் உயிர் ஊசலாடிற்று.

புதிய இங்கிலாந்தின் இச் சபைமரபிலிருந்தே 1810 இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றிற்று. 1816 இல் அதன் பாதிரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவர்கள் கல்வித்தொண்டைப் போற்றுவோரும் மதமாற்றத்தைக் கண்டிப்போரும், அவர்களுடைய ஊரிலேயே அக் காலத்தில் எழுந்த மற்றொரு குரலை அறிந்திருத்தல் நன்று. அது வில்லியம் ஏப்பஸ் என்பவருடைய குரல். 1798 இற் பிறந்த இவர் பீக்குவொட் இனத்தவர். மிஸ்ரிக் தீயில் எஞ்சியவரின் வழித்தோன்றல். சிறுவயதிற் கூலியாக விற்கப்பட்டு, அடியுண்டு வளர்ந்து, மெதடிஸ்த சபையிற் சேர்ந்து, 1829 இற் குருப்பட்டம் பெற்றார். 1836 சனவரியிற் பொஸ்ரன் நகர மண்டபமொன்றில் பிலிப்பு அரசனைப் புகழ்ந்து ஒரு பேருரை நிகழ்த்தினார். பிளிமத்தில் இறங்கிய நாளைச் சுதேசிகள் மகிழ்ச்சி நாளாகவன்றித் துக்க நாளாகவே கொள்ள வேண்டும் என்றார். சோளம் எடுத்ததையும் புதைகுழி திறந்ததையும் கிறித்தவ அறத்தின் தராசிலேயே நிறுத்தார். பிராட்போட்டின் கையெழுத்துப் படி அப்போது இலண்டனிற் கிடந்தது. ஏப்பஸ் அதனைப் பார்த்தவரல்லர். பார்த்திருப்பின் றொபின்சனின் கடிதம் முழுவதும் அவர் கைக்கு எட்டியிருக்கும்.

ஏப்பஸின் இறையியலில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அமெரிக்கச் சுதேசிகளே காணாமற்போன இஸ்ரவேலின் பத்துக் கோத்திரத்தார் என்னும் கொள்கையை அவர் ஏற்றிருந்தார். இன அறிவியல் இதனை ஏற்காது. ஆனால் பாத்திரங்கள் இடம்மாறிய விதம் காண்க: குடியேறியவர் தமக்கென எடுத்த இஸ்ரவேல் வேடத்தை, வெளியேற்றப்பட்டவர் தமக்குரியதென மீட்டுக்கொள்கின்றனர். அப்போது பிளிமத்தார் பார்வோனின் படையாகின்றனர். வில்லியம்ஸைப் போல வேடத்தையே கழற்றி எறியாமல், வேடத்தை மாற்றியணிந்தார் ஏப்பஸ். கொள்கை வன்மை வில்லியம்ஸுக்கே மிகுதி. மன்றிலே நின்று கேட்டவர் முகம் வெளுக்கச் செய்யும் ஆற்றல் ஏப்பஸுக்கே. 1970 இல் வம்பனோவாக் மக்கள் நன்றியறிதல் நாளைத் துக்க நாளாகப் பிளிமத்திலேயே அனுசரிக்கத் தொடங்கியபோது, அவர் சொல் செயலாயிற்று. அந் நன்றியறிதல் நாளுக்கு மூலமெனக் கருதப்படும் 1621 அறுவடை விருந்தைப் பற்றி, மசசோயிற் தொண்ணூறு பேரோடு வந்து மூன்று நாள் தங்கிய அவ் விருந்தைப் பற்றி, பிராட்போட் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதனை அறிவது எட்வேட் வின்ஸ்லோவின் கடிதத்தால்.

பிராட்போட்டின் நூல் வெற்றிக் கதையாக முடியவில்லை. 1630 க்குப் பின் புதிய குடியேறிகள் வந்து குவிய, கால்நடைக்கு நல்ல விலை கிடைத்தது; மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும்; மேய்ச்சலுக்கு நிலம் வேண்டும். பிளிமத்தார் ஊரை விட்டுப் பரவினர். 1632 இல் டக்ஸ்பரிப் பகுதியினர் தனிச் சபை கேட்டனர். 1644 இற் பலர் நோசெற்றுக்கே பெயர்ந்தனர். முன்னொருநாள் அம்பு வந்த அதே இடம். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதிய தாயாகத் தம் திருச்சபையை ஆசிரியர் காண்கிறார். நிலத்தைக் கொடுத்தது இறையருள் என்று தொடங்கிய நூலில், நிலமே சபையைச் சிதைத்தது என்ற முறையீடு பின்பாதி முழுவதும் ஒலிக்கின்றது. இரண்டையும் இணைத்துப் பார்த்து ஒரு முடிவு கூற அவர் முயலவில்லை. முயன்றிருப்பின் எஸ்கோல் உவமையைத் திரும்ப எடுத்து ஆராய நேர்ந்திருக்கும்.

முதுமையில் அவர் எபிரேய மொழி கற்கத் தொடங்கினார். பழைய வேதம் எழுந்த மொழியைத் தம் கண்ணாற் காணவேண்டும் என்ற ஆசை. கையெழுத்துப் படியின் முற்பக்கங்களில் எபிரேயச் சொற்களை வரிசையாக எழுதிப் பழகியுள்ளார். லைடனிலிருந்து 1617 இல் றொபின்சனும் புறூஸ்ரரும், தம் கூட்டத்தார் ஒருவரோடொருவர் புனித உடன்படிக்கையாற் பிணைக்கப்பட்டவர் என்று எழுதிய கடிதத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அப் பிணைப்பு அறுந்துபோயிற்றே என்று பிற்காலக் கையெழுத்தில் ஒரு புலம்பல் உள்ளது. வரலாறு 1646 உடன் நிற்கின்றது. அதன்பின் 1647 என்றும் 1648 என்றும் தலைப்பு எழுதியிருக்கிறார். கீழே ஒன்றும் இல்லை.